ஏழு எண்ணும் நேரம்

மார்ச் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் நீ மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. அதனால் அப்படி எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் கீழ்வீட்டு அம்மாவிடம்தான் இந்த முகவரியை வாங்கினேன். "மச்சினி அட்ரஸ் அத்தானுக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.

இது மூன்றாவது முறை எழுதியது. முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் நடை நடந்தது. பதினொரு வருடத்தில் நீ முன்னால் நடக்காத முதல் நடை. பல் டாக்டர் முன்னால் போனார். வெளியே பத்து நோயாளிகள் காத்திருக்கிற வேகத்தில் போனார். தையல்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பழைய வங்கி மேலாளர் இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்தொரு செடிகளையும் எட்டுப் பறவைகளையும் பதிந்தோம். நீ இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

பாறை இடுக்கில் ஒரு பன்னம், அதுதான் ஃபெர்ன் செடி, முளைத்திருந்தது. இலையைத் திருப்பினால் அடியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். "பாவம், ஏதோ நோய் புடிச்சிருக்கு" என்றார் டாக்டர். எல்லாரும் தலையாட்டினார்கள். பன்னத்துக்கு விதை கிடையாது, அந்தப் பொட்டுகளில்தான் அதன் வித்துத் தூள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீதான் சொல்லிக் கொடுத்தாய். நான் ஒன்றும் பேசவில்லை. குறிப்பேட்டின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

நூலக மாடியில் நடந்ததைப் பற்றியும் எழுத வேண்டும். முந்தைய நடையில், ஓடைக்கரையில், நீ "நீர்நாய்!" என்று கத்தினாய். மற்றவர்கள் ஓடி வந்தபோது தண்ணீர்தான் இருந்தது. அந்த வாரக் கூட்டத்தில் டாக்டர் என்னைப் பார்த்து, "சார், நீங்கதானே பக்கத்துல நின்னீங்க, பாத்தீங்களா?" என்று கேட்டார். "உறுதியா சொல்ல முடியாது" என்றேன். அவர் உன் பக்கம் திரும்பி, உன் கண் முன்போல் இல்லை போலிருக்கிறது, இனி வேறு யாராவது முன்னால் நடக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். அப்போதும் நான் குறிப்பேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய்.

விசிலைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். நம் குழு இதுவரை பார்த்தவற்றின் பட்டியல் ஏப்ரல் முப்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். நீர்நாய் அதில் இல்லை.

கண்ணுக்கு டாக்டரைப் பார்த்தாயா? பதில் எழுதுவாய் என்று நம்புகிறேன். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அத்தான்


மார்ச் 15

அத்தான்,

கடிதம் வந்தது. எழுத்தா அது? எறும்புக் கூட்டம் சர்க்கரை டப்பாவைத் தேடிப் போகிற மாதிரி இருக்கிறது. "நான் படிச்சுக் காட்டட்டுமாம்மா?" என்றாள் மகள். எனக்கு வந்த கடிதத்தை இன்னொருத்தி வாயால் கேட்க நான் என்ன படுக்கையிலா கிடக்கிறேன்? லென்ஸை வைத்து நானே படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. இனிமேல் எழுதினால் தடித்த பேனாவில், பெரிசாக, பக்கத்துக்கு எட்டே வரி எழுதுங்கள். தாள் தீர்ந்தால் தீரட்டும்.

பன்னத்துக்கு நோயாம்! நான் சிரித்த சிரிப்பில் மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு என்ன கேடு? வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டா நடந்தீர்கள்?

மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு மூச்சு வாங்கியது, யார் எங்கே உட்கார்ந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. எனக்கு வேண்டிய ஒரு வரி இல்லை. அன்றைக்கு நீங்கள் என் இடது பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தண்ணீரைப் பார்த்து நின்றீர்கள். பார்த்தீர்களா, இல்லையா? "உறுதியா சொல்ல முடியாது" என்பது மாடியில் சொன்ன பதில். அதையே எனக்கும் சொல்வதாக இருந்தால் தபால்காரரை வீணாக நடக்கவைக்க வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ சொன்னபடி பக்கத்துக்கு எட்டு வரி. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதுகிறேன். உறை தடிமனாக இருப்பதைப் பார்த்து, "என்ன சார், கதை எதும் எழுதி அனுப்புறீங்களா?" என்று தபால் அலுவலகத்தில் கேட்பார்கள்.

பார்த்தேன்.

மேற்கொண்டு எழுதுவதை நீ சாக்கு என்று நினைக்கலாம். எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நம் குழுவுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, பத்து எண்ணும் வரை கண்ணில் நிற்காத எதையும் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. இரண்டு, இரண்டு பேராவது பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் கொண்டுவந்தவன் நான். ஏன் என்று உனக்கே தெரியும். நீ என்னைக் குழுவில் சேர்த்துவிட்ட இரண்டாவது மாதம், எதிர்க்கரை மரத்தில் வெண்கொக்கு என்று எழுதினேன். கிட்டே போய்ப் பார்த்தால் கிளையில் மாட்டிய பாலிதீன் பை. ஒரு வருடம் என்னை எல்லாரும் "பைக்கொக்கு சார்" என்றார்கள். அதிகம் சிரித்தது நீ. நான் முப்பத்து நான்கு வருடம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவன். ஒரே ஒரு முறை பார்த்ததை நம்பி ஒரு தெருவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு முறை பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் வந்த விதிகள் இவை.

அன்று ஓடையில் பனி விலகிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடக்கும் பாறைக்குப் பக்கத்தில் ஒரு தலை எழுந்தது. தட்டையான தலை. மீசை முடியில் தண்ணீர் சொட்டியது. நான் எண்ண ஆரம்பித்தேன். அது நம் பக்கம் திரும்பியது. பிறகு முதுகு வளைந்து மேலே வந்தது, பழுப்பு நிறம், ஈரத்தில் பளபளப்பு. ஐந்து எண்ணும்போது நீ கத்தினாய். ஏழில் அது மூழ்கிவிட்டது. மற்றவர்கள் வந்து சேர்ந்தபோது வளையங்கள்தான் மிச்சம்.

உன் குரல் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டாய். அப்பாடா, இவள் பார்த்துவிட்டாள், இனி நான் பார்த்தேனா இல்லையா என்பது முக்கியமில்லை என்று தோன்றியது. ஆனால் மாடியில் டாக்டர் என்னிடம் கேட்டபோது, ஏழு பத்தாகாது என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது. என் விதியை என் வசதிக்காக நானே மீறக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொன்னேன் என்று வீடு வரைக்கும் நம்பிக்கொண்டே நடந்தேன். வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போதுதான், நீ தனியாகப் படி இறங்கிப் போனது நினைவுக்கு வந்தது. இன்னொரு செருப்பைக் கழற்றாமல் அப்படியே வெகுநேரம் நின்றேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. உன் அக்கா இருந்திருந்தால் சொல்வாள்.

அத்தான்


மார்ச் 30

அத்தான்,

ஏழு!

அக்கா உங்களோடு முப்பத்தெட்டு வருடம் எப்படிக் குடித்தனம் பண்ணினாள்? கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதும் பத்து எண்ணிவிட்டுத்தான் சொன்னீர்களா? கடிதத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். உங்கள் கணக்குப்படி இரண்டு முறை பார்த்தாயிற்று. கோபம் குறையவில்லை.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். மாப்பிள்ளை தங்கமானவர். பால்கனியில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். "அத்தை, பாத்து" என்கிறார். படி வந்தால் பாத்து, கதவு வந்தால் பாத்து, காபி வந்தால் சூடு, பாத்து. போன வாரம் எதிர்மரத்தில் மரங்கொத்தி வந்திருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். "இருக்கும்மா" என்றாள், துணி மடித்துக்கொண்டே. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் எதிர்வீட்டுக்காரர் சொன்னாராம். "அம்மா, நெஜமாவே மரங்கொத்திம்மா!" என்று எனக்கே வந்து செய்தி சொல்கிறாள்.

புரிகிறதா, அத்தான்? நான் சொன்னால் இனிமேல் அது சும்மா ஒரு சத்தம். வேறு யாராவது சொன்னால்தான் அது மரங்கொத்தி. அந்த மாடியில் ஆரம்பித்தது இங்கே பால்கனி வரைக்கும் வந்துவிட்டது. டாக்டர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் மனதில் பட்டதைச் சொன்னார். உங்கள் மனதில் பட்டதை நீங்கள் சொல்லவில்லை.

ஓடையில் நீர்நாய் இருந்தது. நான் சொன்னது உண்மை. நீங்கள் பார்த்ததை எனக்குக் கோடு போட்டு எழுதி அனுப்பியது அழகாகத்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பட்டியல் அச்சுக்குப் போகுமுன் அதே மாடியில், அதே மேசையில், அந்தப் பதின்மூன்று பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். முடியாது என்றால் அதையாவது உறுதியாக எழுதுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை கூட்டம். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பட்டியலின் அட்டை நிறத்தைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஒருமுறை எழுந்து நின்றேன். யாரும் கவனிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எழுந்தேன். மேலாளர்தான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "சார் ஏதோ சொல்லணும் போல" என்றார். சட்டைப்பையில் கை விட்டால் தாளைக் காணோம். தேடிக்கொண்டே இருந்தால் தைரியம் போய்விடும் என்று தாள் இல்லாமலே பேசினேன்.

"நான் பாத்தேன்."

"எதை சார்?"

"நீர்நாயை. அன்னிக்கு அவ கத்தினாளே, அப்போ நானும் பாத்தேன். தலை, மீசை, முதுகு எல்லாம் பாத்தேன்."

தையல்காரம்மா என் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார். "அப்போ ஏன் சார் அன்னிக்கு வாயே தொறக்கல? அந்தம்மா ஒரு வார்த்தை பேசாம எறங்கிப் போனாங்களே! நான் ரெண்டு நாள் ஒழுங்கா ஊசி கோக்கல, தெரியுமா?"

"ஏழுதான் எண்ணினேன்" என்றேன்.

உடனே டாக்டர், "ஏழா? சார், ஏழு எண்றதுக்குள்ள நான் கடவாப்பல்லே புடுங்கிடுவேன்!" என்றார். மாடியே சிரித்தது. கீழிருந்து நூலகர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு என்னைப் பார்த்துத்தான். காது சூடாகிவிட்டது. ஆனால் உட்காரவில்லை. இன்னொன்றையும் சொன்னேன்: "அவ கண்ணைப் பத்தி நீங்க பேசினப்போ நான் பேசாம இருந்தது தப்பு. அதையும் குறிப்புல எழுதிக்குங்க." குறிப்பு எழுதுகிறவன் நானே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "என் தப்பும் இருக்கு சார். நானே அம்மாவுக்கு எழுதறேன்" என்றார். இரண்டு பேர் பார்த்திருப்பதால் எண்ணிக்கை விதியை இந்த ஒரு தடவை தளர்த்தலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பதின்மூன்று, நீர்நாய், பார்த்தவர்கள் இருவர் என்று என் கையாலேயே எழுதினேன்.

மே மாதம் மூன்றாம் ஞாயிறு குன்றுப் பாதை. நீதான் முன்னால் நடக்க வேண்டும் என்று பதின்மூன்று பேரும் சொன்னார்கள். விசிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அத்தான்


ஏப்ரல் 18

அத்தான்,

உங்கள் கடிதத்தை முதல் முறை படித்தபோது பெருமையாக இருந்தது. இரண்டாம் முறை படிக்க முடியவில்லை. நாலு நாளாக இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்க்கவில்லை.

நீர்நாயை மட்டும் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாக எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. நேராகப் பார்த்தால் நடுவில் புகை மாதிரி ஒரு வட்டம். ஓரத்தில்தான் கொஞ்சம் தெரிகிறது. இங்கே வந்த பிறகு மகள் கண் டாக்டரிடம் அழைத்துப்போனாள். அறுவைச் சிகிச்சைக்கு அடங்குகிற கண் இல்லையாம். இனி இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான்.

அப்படியானால் எப்படிக் குழுவை நடத்தினாய் என்று கேட்பீர்கள். பாதை காலுக்குத் தெரியும். யாராவது, "இது என்ன செடி?" என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்க, இலை எப்படி இருக்கு? ஓரம் வழவழன்னு இருக்கா, பல் பல்லா இருக்கா? கசக்கி மோந்து பாருங்க" என்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குச் செடி தெரிந்துவிடும். அந்தம்மா எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று எல்லாரும் பாராட்டினார்கள். ஒருநாள் தையல்காரம்மா ஈரப்பாறையில் வழுக்கினாள். "பாத்து வாங்க" என்றேன். யார் யாரிடம் சொல்கிறது பாருங்கள்!

அன்று ஓடையில் நடந்தது இது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தொன்பது வருடம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தவள் நான். ஆள் பேசுமுன் மூச்சைக் கேட்டே யாரென்று சொல்வேன். உங்கள் மூச்சு நின்றது. அப்புறம் வாய்க்குள் எண்ண ஆரம்பித்தீர்கள். யாருக்கும் கேட்காது என்றுதான் எண்ணுகிறீர்கள், எனக்கு எப்போதும் கேட்கும். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் நிதானமாக எண்ணுவீர்கள். அன்று எண்ணிக்கை ஓடியது. தண்ணீர்ப் பக்கமிருந்து சின்னதாக ஒரு கீச்சுச் சத்தம். மீன் வாடை. முன்னொரு காலத்தில் அக்காவும் நானும் பாலத்துக்கு அடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறோம். கத்திவிட்டேன்.

ஆகவே, என் குரலை நம்பி நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். நான் உங்கள் மூச்சை நம்பித்தான் கத்தினேன்.

மாடியில் பல் டாக்டர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவ்வளவு வலித்தது. பதின்மூன்று பேரை அந்தப் பாதையில் நான் கூட்டிப்போயிருக்கக் கூடாது. உங்களை மாடியில் எழுந்து நிற்கவைத்ததும் தப்புதான். அப்போதே இதை எழுதியிருக்க வேண்டும். கோபம் எழுதவிடவில்லை.

பட்டியலில் என் பெயரை அடித்துவிடுங்கள். அது போனால் பார்த்தவர் ஒருவர்தான் மிஞ்சுவார், பதிவு நிற்காது என்பதும் தெரியும். என் கண்ணைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நான் இனி முன்னால் நடக்க மாட்டேன். திட்ட வேண்டுமென்றால் திட்டி எழுதுங்கள், பெரிய எழுத்தில்.

சின்னவள்


மே 2

அன்புள்ள சின்னவளுக்கு,

இரண்டு வாரம் எழுதவில்லை. கோபம். இந்த வயதில் எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. முதல் நாள் உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். மேலாளருக்கு முட்டி சரியில்லை, தையல்காரம்மாவுக்கு மூச்சு வாங்கும், அவர்களையெல்லாம் வைத்துக்கொண்டு நீ எப்படித் துணிந்தாய் என்று அறைக்குள் நடந்துகொண்டே சத்தமாகப் பேசினேன். அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "யாராவது வந்திருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் கோபம் போய்ச் சந்தேகம் வந்தது. நீ பார்க்கவில்லை என்றால் நானும் பார்த்திருக்கிறேனா? உன் குரலைக் கேட்டுவிட்டு மீசையை நானே ஒட்டவைத்துக்கொண்டேனோ? ஒரு தாளை எடுத்து அது வேறு என்னவாக இருந்திருக்கலாம் என்று எழுதினேன். மிதந்து வந்த கட்டை. உடும்பு. நீந்துகிற தெருநாய். ஒவ்வொன்றாக யோசித்து ஒவ்வொன்றாக அடித்தேன். அப்படியும் மனம் அடங்கவில்லை. பழைய பையும் கொக்கும் வந்து நின்றன.

நான்காம் நாள் காலையில், பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. நீ கத்தியது நான் ஐந்து எண்ணும்போது. அதற்கு முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியிருக்கிறேன். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிட்டேன். எதையும் பார்க்காதவன் எதற்கு எண்ணுவான்? வாயில் நுரையோடு கண்ணாடி முன்னால் அப்படியே நின்றேன். அந்த நான்கும் என்னுடையவை. உன் குரல் அதில் இல்லை.

அதன் பிறகுதான் மாடிக்குப் போனேன். நீ சொல்லச் சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை, அது எனக்கு வந்தது. தையல்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, கண்ணு தெரியாமலா நம்மளை அந்தப் பாறை மேல கூட்டிட்டுப் போனாங்க?" கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷத்துல யாரும் கை கால் ஒடச்சுக்கல. போன நடையில கண்ணு நல்லா தெரியறவர் பின்னாடி போய் ரெண்டு பேர் விழுந்தோம்" என்றார். டாக்டர் கூரையைப் பார்த்தார். கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். மேலாளர் இன்னும் சமாதானமாகவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

பட்டியலுக்கு வந்தோம். "சார் ஒருத்தர் பாத்தது போதும், இருக்கட்டும்" என்றார் டாக்டர். வேண்டாம் என்றேன். விதி இரண்டு பேர் என்று சொல்கிறது. அளவுகோலை வைத்து நானே கோடு போட்டு அடித்தேன். அச்சுக்குப் போன பட்டியல் இருநூற்றுப் பன்னிரண்டோடு முடிகிறது. ஓடையில் நீர்நாய் இருக்கிறது, நான் பார்த்தேன். பட்டியலில் இல்லாததால் அது இல்லாமல் போகாது என்று இப்போது தெரிகிறது. முன்பெல்லாம் எனக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். நேற்று நூலகரிடம், அவர் கேட்காமலே, போய்ச் சொன்னேன். "அப்படியா சார்!" என்று புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டார்.

நீ திரும்பி வர வேண்டும். முன்னால் நடக்க அல்ல. போன நடையில் மரத்துக்குள்ளிருந்து ஒரு பறவை கத்தியது. பதின்மூன்று பேரும் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலிதான் மிச்சம். குரலை வைத்து இன்னது என்று சொல்ல எங்களில் ஆளில்லை. முன்னால் நடக்கச் சொல்லி என்னைக் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் சரி என்றும் இன்னும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நடந்தால் சொல்வேன்.

ஒரு கேள்வி. இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. எத்தனை அடி தூரத்தில் ஒரு ஆளின் முகம் உனக்குத் தெரிகிறது? வெயில் இருந்தால் எப்படி, நிழலில் எப்படி? தெரிந்தால் பாதையை அதற்கேற்ற மாதிரி தேர்ந்தெடுக்கலாம்.

அத்தான்


மே 8

அத்தான்,

எத்தனை அடி என்று கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். மகள் கேட்டால் கண் கலங்குகிறாள். மாப்பிள்ளை நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோரம் நகர்த்துகிறார். அளவெடுக்க வேண்டும் என்று உங்களுக்குத்தான் தோன்றும்.

மகளைக் கூடத்தில் நிற்கவைத்து அளந்தேன். நேராகப் பார்த்தால் எந்தத் தூரத்திலும் முகம் இல்லை. ஓரக்கண்ணால், நிழலில், நாலு அடி வரைக்கும் இன்னார் என்று தெரிகிறது. வெயிலில் இரண்டரை. பத்து அடிக்கு மேல் நீங்களும் ஒன்றுதான், விளக்குக் கம்பமும் ஒன்றுதான். உங்களுக்கும் கம்பத்துக்கும் முன்பே பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. அளக்கும்போது மகள் முதலில் அழுதாள், அப்புறம் டேப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பெரியப்பா இதைக் கேட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். போகட்டும் என்று அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

மேலாளரிடம் நானே போய்ப் பேசுகிறேன். அவர் கோபம் நியாயமானது. நீங்கள் நடுவில் வந்து சமாதானம் பேசி வைக்காதீர்கள். பக்கத்தில் நடக்கிறேன். ஆனால் ஒன்று, நான் ஒரு குரலைக் கேட்டு இன்ன பறவை என்றால், உங்கள் கண்ணுக்கு அது வேறாகத் தெரிந்தால், அங்கேயே, அப்போதே, எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்காகத் தலையாட்டினால் அன்றோடு திரும்பி வந்துவிடுவேன்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். பஸ் காலை பத்து இருபதுக்கு வந்து சேரும். நிறுத்தத்தில் கூட்டம் இருக்கும், வெயிலும் இருக்கும். நான் ஜன்னல் வழியாகத் தேடி உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள்தான் கூப்பிட வேண்டும். கடை ஓரமாக நின்றுகொண்டு தொண்டையைச் செருமாதீர்கள். உங்கள் செருமல் ஆயிரம் பேர் நடுவிலும் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் இறங்க மாட்டேன், பஸ் அடுத்த ஊருக்குப் போனாலும் சரி. வாய்விட்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுங்கள்.

சின்னவள்